பாதிக் கன்னம்

ஒரு கன்னம் மழித்து, ஒரு கன்னம் மழிக்காமல், நீங்கள் எப்போதாவது சலூன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறீர்களா?

நான் எழுந்திருக்கிறேன். எண்பத்திரண்டில், ஒரகடம் கூட்டுரோட்டில், தசரதன் சலூனில். சனிக்கிழமை சாயங்காலம்.

வலது கன்னம் முடிந்திருந்தது. இடது கன்னத்தில் நுரை. அப்போதுதான் மாரி வந்தான்.

மாரி என்னோடு வார்ப்புப் பட்டறையில் ஒரே ஷிஃப்ட். சேரியில் வீடு. முடிவெட்ட எப்போதும் வாலாஜாபாத்துக்கு பஸ் ஏறிப் போவான். அங்கே அவன் எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு ஓ.டி. பார்த்ததில் பஸ்ஸை விட்டுவிட்டான். விடிந்தால் அவனுக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள். முகத்தில் ஒரு வாரத்துத் தாடி, அதில் பட்டறைக் கரி.

பெஞ்சில் பலராமன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் குடியிருந்த ரூமுக்குச் சொந்தக்காரர். திருநெல்வேலியிலிருந்து வந்து ரூம் கேட்டுப் போன அன்று என் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்ததும் சாவியைக் கொடுத்தவர். சனிக்கிழமைதோறும் எனக்கு அடுத்து அவர்தான் உட்காருவார்.

மாரி உள்ளே வரவில்லை. வாசற்படியில் ஒரு காலை மட்டும் வைத்து நின்றான்.

“ஷேவிங் மட்டுந்தாண்ணே. இவரு முடிச்ச அப்பறம் செஞ்சா போதும்.”

தசரதன் திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்தே பேசினார்.

“இன்னா மாரி, தெரியாத ஆளு மாதிரி வந்து நிக்கிற? உனக்குச் செஞ்சா நாளைக்கு இந்த நாற்காலில எவன் வந்து குந்துவான், நீயே சொல்லு.”

“பொண்ணு உன் தாடியவா பாக்கப் போவுது? போடா,” என்று பலராமன் சிரித்தார்.

மாரியும் சிரித்தான்.

நான் கழுத்துத் துண்டை அவிழ்த்துவிட்டு எழுந்தேன்.

“மாரி, நீ உக்காரு.”

அவன் அசையவில்லை.

பலராமன் பேப்பரைக் கீழே இறக்கினார். “இன்னா திருநெல்வேலி, இவனுக்காவ நீ ஏன் எழுந்துக்கிற? நீ நம்ம ஆளு. குந்து.”

பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். ரூம் இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் குழம்பு வந்திருக்கும். அந்த ஊரில் எனக்கு என்று இருந்தது அவ்வளவுதான்.

“எங்க ஊர்லயும் எனக்கு வெட்ட மாட்டாவ, அண்ணாச்சி,” என்றேன்.

தசரதன் கையில் கத்தி அப்படியே நின்றது. பலராமன் என் திருநீற்றைப் பார்த்தார். பிறகு தன் கன்னத்தை மெல்லத் தடவினார்.

“ரெண்டு வருசமா எனக்கு முன்னாடி நீதானே குந்தின?”

“ஆமா.”

“துண்டும் அதே துண்டுதான்,” என்றார் தசரதன், யாரிடமோ சொல்வது போல. “ஒண்ணும் ஆவலியே.”

மாரியைக் கூட்டிக்கொண்டு நான் வெளியே வந்தேன். பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் என் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். நுரை காய்ந்து கன்னத்தை இழுத்தது. அதைப் பார்த்து மாரிக்கும் சிரிப்பு வந்தது. இது வேறு சிரிப்பு.

ரூமுக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினேன். பலராமன் வந்து காலி பண்ணச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். வரவில்லை.

மறுநாள் காலை பெட்டியோடு கூட்டுரோட்டுக்கு வந்தேன். சலூன் நாற்காலியில் மாரி இருந்தான். பெஞ்சில் பலராமன், அடுத்த ஆளாக.