மூக்கு நுனிச் சோதனை

பிரசவ வார்டு வாசலில் பரிசோதனைக்காரர் ஒரு கையில் போனும் மறு கையில் பஞ்சுக்குச்சியுமாக, ஓய்வுபெற்ற லேப்காரரின் மூக்கைப் பூனைக்குப் பொட்டு வைப்பதுபோலத் தொட்டு எடுக்கிறார். குச்சி மூக்கு மயிரைக்கூட விசாரிக்கவில்லை. கால்மணி நேரத்தில் கொரோனா சோதனைப் பட்டையில் ஒரே கோடு. "தொற்று இல்ல பெரியவரே, போய்ப் பேரனைப் பாருங்க." கண்ணாடிக் கதவுக்கு அப்பால், நேற்றுப் பிறந்ததை ஏந்தியபடி மகள் சிரிக்கிறாள். பெரியவருக்கோ காலையிலிருந்து மூக்கு அருவியாகக் கொட்டுகிறது. மேசை விளிம்பில் யாருடைய சளியோ காய்ந்து, வெயிலில் வைரமாய் மினுங்குகிறது. பெரியவர் கதவுப் பக்கம் நகரவில்லை. "வாசப்படியில எட்டிப் பார்த்துட்டு, வீட்டுக்குள்ள திருடன் இல்லேன்னா எப்படி தம்பி?" புதுக் குச்சியொன்றைப் பிரித்து, மூளையையே சுரண்டி எடுப்பவர்போல் தானே உள்ளே விட்டுச் சுழற்றுகிறார். கண்ணீர் தாடைவரை வழிகிறது. மறுபடியும் கால்மணி நேரம். இப்போது இரண்டாவது கோடு, தொற்றுக்கோடு, வெட்கமில்லாமல் சிவக்கிறது. மகள் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்கிறாள். பரிசோதனைக்காரர் பட்டையைக் குப்பையில் எறிந்து, அதே கையால் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அடுத்தது யாரு?" என்கிறார். அந்தக் கையின் புண்ணியத்தில் காலையிலிருந்து ஒற்றைக் கோட்டோடு பதினேழு பேர் உள்ளே போயிருக்கிறார்கள்.