நடுப் பாத்தி

"சேர்றதுன்னா சேருங்க. ஆனா நடுப் பாத்திதான் காலியா இருக்கு" என்றார் ஆளுக்கொரு பாத்தி தரும் பொதுத் தோட்டக் குழுவின் செயலாளர். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் சாவிக்கொத்தைப் பார்த்தார்.

அவள் பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பில் உட்கார்ந்திருப்பவள். நாள் முழுக்க வீங்கின கன்னங்களையே பார்த்து அலுத்து, நாலு செடிக்கு நடுவே கொஞ்ச நேரம் நிம்மதியாக நிற்கலாமென்றுதான் வந்திருந்தாள். நடுவோ ஓரமோ, மண் மண்தானே என்று சாவியை வாங்கிக்கொண்டாள்.

விஷயம் மறுநாளே தெரிந்துவிட்டது. இடப்பக்கப் பாத்தி, ரிட்டயரான கணக்கு டீச்சருடையது. வலப்பக்கம் ஒரு நர்ஸம்மா. இருவரும் கூடப் பிறந்த அக்கா தங்கை. அம்மாவைக் கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் வைப்பதா, வீட்டில் வைப்பதா என்று மூண்ட சண்டையில் பேச்சு நின்றது. அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் பேச்சு திரும்பவில்லை. அக்கா காலையில் வந்து போவார். தங்கை டூட்டி முடிந்து சாயங்காலம். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமலிருக்க அப்படி ஓர் ஏற்பாடு.

வேலைக்கு முன்னும் பின்னும் இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்ற வந்த 'புதுசு'தான் இருவரிடமும் வகையாக மாட்டினாள். குழுவில் அவளுக்கு வைத்த பெயர் அது.

"அந்தம்மாகிட்ட சொல்லு. அவ அவரைக்கொடிப் பந்தல் சாயுது. என் பாத்தியில வந்து விழுந்துச்சு, நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றார் டீச்சர்.

நடுவில் ஒரு முழுப் பாத்தி கிடக்கிறபோது பந்தல் எப்படித் தாண்டி வந்து விழும் என்று கேட்க வாய் வரை வந்தது. கணக்கு டீச்சரிடம் போய் அளவைப் பற்றி யார் பேசுவது?

சாயங்காலம் நர்ஸம்மாவிடம், பல் பிடுங்கப் போகிறோம் என்று சொல்வதைப் போல மெதுவாக ஆரம்பித்தாள். பந்தல் கொஞ்சம் சாய்ந்த மாதிரி இருக்கிறதாம் என்றாள்.

"பூசி மெழுகாதே. அவ எப்படிச் சொன்னாளோ அப்படியே சொல்லு."

அப்படியே சொன்னாள். வாங்கிக்கட்டிக்கொண்டாள்.

"சுள்ளுங்கிற வெயில்ல தலையில ஒரு துணிகூட இல்லாம நிக்கிறவ எனக்குச் சொல்ல வந்துட்டாளா? மயங்கி விழுந்தா குழுவுக்குத்தான் கெட்ட பேருன்னு நான் சொன்னேன்னே சொல்லு."

காலையில் வேலைக்குப் போகும் பஸ்ஸிலிருந்து நர்ஸம்மா தோட்டத்தை எட்டிப் பார்ப்பார் போலிருக்கிறது.

இப்படியே தினமும் ஏச்சும் எதிர் ஏச்சும். கிளினிக்கில் கேட்கிற புலம்பலே தேவலை என்றாகிவிட்டது. செயலாளரிடம் போய் நின்றாள். இதனால்தான் நடுப் பாத்தியில் யாரும் நிலைப்பதில்லை என்று அவர் சாவகாசமாக ஒப்புக்கொண்டார். வேண்டுமானால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார்.

அவளுக்கு மனசு வரவில்லை. தக்காளி அப்போதுதான் பூ விட்டிருந்தது. தன் கையால் வைத்து முதன்முதலாகப் பூத்தது.

யோசித்துப் பார்த்தபோது தப்பு தன்னிடம்தான் என்று பட்டது. அவர்கள் பேசிக்கொள்வதே இல்லை. இங்கே கேட்டதை அங்கே கொண்டுபோய் மூட்டிவிடுவது யார்? இவள்தானே. இவள் வாயை மூடிக்கொண்டால் சண்டை தானாக அணைந்துவிடும். இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்று தன்னையே கடிந்துகொண்டாள். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் காலை டீச்சர் வழக்கம்போல வலப்பக்கம் எட்டிப் பார்த்தார். "கத்திரிக்காய் முத்திப்போய்த் தொங்குது. பறிக்கத் துப்பில்லாத அறிவு கெட்டவ எதுக்குச் செடி வைக்கணும்னு கேளு."

கேட்கிறேன் என்று தலையாட்டினாள். அதோடு விழுங்கிவிட்டாள்.

சாயங்காலம் நர்ஸம்மா தண்ணீர் ஊற்றினார். ஊற்றின செடிக்கே மறுபடி ஊற்றினார். கடைசியில் அவரே கேட்டார்.

"இன்னிக்கு என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலை நர்ஸம்மா."

"ஒண்ணுமேவா?"

"ஒரு வார்த்தைகூட இல்லை. பேசாம தண்ணி ஊத்திட்டுப் போயிட்டாங்க." சொல்லிவிட்டு, ஒரு சிரிப்பாவது வரும் என்று எதிர்பார்த்தாள்.

நர்ஸம்மாவின் கையிலிருந்த ரப்பர் குழாய் கீழே விழுந்தது.

"முகம் ஒரு பக்கமா இழுத்த மாதிரி இருந்துச்சா? நடையில தள்ளாட்டம் ஏதாவது?"

"அதெல்லாம் இல்லையே..."

"என்னைத் திட்டாமப் போயிருக்கான்னா அக்காவுக்கு என்னமோ ஆயிடுச்சு. ஏற்கெனவே பிரஷர் வேற."

தண்ணீரை நிறுத்தவில்லை. செருப்பைத் தேடவில்லை. சேற்றுக் காலோடு கேட்டைத் தாண்டி, அக்கா வீட்டுத் தெருவைப் பார்த்து ஓடினார்.

புதுசு பின்னாலேயே ஓடினாள். தெருமுனையில்தான் அவரைப் பிடிக்க முடிந்தது.

"நில்லுங்க நர்ஸம்மா. அவங்க நல்லாத்தான் இருக்காங்க. திட்டினாங்க. சண்டை வேண்டாமேன்னு நான்தான் மறைச்சுட்டேன்."

நர்ஸம்மா நின்றார். பக்கத்து மதிலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டதில் கன்னமெல்லாம் சேறானது.

"அறிவு கெட்டவள்னு சொன்னாளா?"

"சொன்னாங்க."

"முழுசாச் சொல்லு. ஒரு வார்த்தை விடாமச் சொல்லு."