வெளிச்சம் பார்க்க எடுத்தவை

என் போட்டோ ஸ்டூடியோ ஜன்னலின் திரை ஓரமாகக் காலை வெயில் நுழைந்து கம்ப்யூட்டர்மேல் விழுகிறது. மகள் அதை ஒரு கையால் மறைத்துக்கொண்டு, வந்து காத்திருக்கும் தையல்காரருக்காக அவருடைய பழைய படத்தைத் தேடுகிறாள். என் மனைவி இறந்து மூன்று வாரம் ஆகிறது. அன்றிலிருந்து மகள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. "ஊரையே படம் எடுத்தீங்க. அம்மாவுக்கு அடையாள அட்டைப் படத்தை விட்டா வேற ஒண்ணு இருக்கா?" என்று கேட்டதோடு சரி. கேமரா முன்னால் உட்கார்ந்ததும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேறு யாரோ ஆகிவிடுவார்கள். அந்த அட்டையில் அவளும் அப்படித்தான் முறைக்கிறாள். அந்த முறைப்புதான் எங்களுக்கு மிஞ்சுமோ என்று எனக்கும் பயம். தையல்காரரின் ஃபோல்டர் திறக்கிறது. முதல் படத்தில் முக்காலியில் என் மனைவி இருக்கிறாள். ஆளை உட்காரவைப்பதற்கு முன்னால் வெளிச்சம் பார்க்க அவளைத்தான் கூப்பிடுவேன். அதைப் படம் என்று நாங்கள் இருவருமே நினைத்ததில்லை. சோம்பலில் நான் அழிக்காமல் விட்டிருக்கிறேன். ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி, என்னைத் திட்டிக்கொண்டே சிரிக்கிறாள். மகள் வேறொருவரின் ஃபோல்டரைத் திறக்கிறாள். அங்கும் முதலில் அவளே, வாய் நிறையக் கொட்டாவியோடு. "அப்பா, எல்லாருக்கும் முன்னாடி அம்மாதான் இருக்காங்க." என் தோள்கள் தாமாகத் தளர்கின்றன. "என் படம் என்னம்மா ஆச்சு?" என்கிறார் தையல்காரர். மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்ததைத் திறக்கிறாள். "கொஞ்சம் இருங்க மாமா, அம்மாவை இன்னும் பாத்து முடிக்கல."