முளைக்கும் தேதி

ஏழு புற்றுகளில் எறும்புகள் விதை சேர்த்திருந்தன. விதையின் பெயரைச் சொன்னால் எந்தப் புற்றில் இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். மழை பெய்ததும் ராணி எறும்பு, ஓட்டக்காரி சிவப்பியைக் கூப்பிட்டது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள முளைக்கப்போற விதையெல்லாம் வெளியே போகணும். இல்லேன்னா புற்று பிளந்துடும்."

சிவப்பி முதல் புற்றுக்கு ஓடினாள். காவல் எறும்பு தேதிவாரியான பட்டியலைப் பெருமையோடு புரட்டியது.

"இங்கே அப்படி ஒண்ணும் இல்லை."

"மத்த புற்றுல?"

"அங்கங்கே போய்த்தான் கேட்கணும். அவங்க பட்டியல் அவங்ககிட்ட."

ஆறு புற்றிலும் இதே பதில். சிவப்பிக்கு ஆறு காலும் கழன்றுவிடும்போல் இருந்தது.

ஏழாவது புற்றின் காவல் எறும்பு நிதானமாகப் பட்டியலைப் பார்த்தது.

"இருக்கே, ஒரு பச்சைப்பயறு. நேத்தே முளைச்சிருக்கணும்" என்றது, அந்தப் பயற்றங்கன்றின் நிழலில் உட்கார்ந்தபடி.