மேடத்தோட வயிறு

"தன் ஒரு வயித்துக்காக நாப்பது பேர் வேலையையே தலைகீழாப் போட்ட பொம்பளையை எங்கயாவது பார்த்திருக்கியாடி?"

கேட்டது இஸ்திரி போடுற அக்கா. அந்தப் பொம்பளை எங்களுக்கு எதிர்லயே, கண்ணாடி ரூம்ல உட்கார்ந்து, குட்டி டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. மணி பதினொண்ணு.

எங்களுது சட்டை பேக் பண்ற ஹால். காலையில நின்னுக்கிட்டே சட்டை மடிப்போம். மத்தியானம் ஒரு மணி நேரம் சாப்பாடு. வயிறு முட்டச் சாப்பிட்டு, துணி மூட்டை மேல சாய்ஞ்சு ஒரு குட்டித் தூக்கம். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் குனிஞ்சு குனிஞ்சு அட்டைப்பெட்டியில அடுக்குவோம். வருஷக்கணக்கா அதான் வழக்கம்.

புது சூப்பர்வைசர் மேடம் வந்த ரெண்டாவது வாரமே எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினாங்க.

"எனக்கு நெஞ்சுக்கரிப்பு. நிறையத் தின்னாலும் ஆகாது, தின்னுட்டுக் குனிஞ்சாலும் ஆகாது. நீங்க பெட்டி அடுக்கும்போது நானும் கூடவே குனிஞ்சு எண்ணணுமே! அதனால முந்தின நாள் மடிச்சதைப் பெட்டியில அடுக்குறது இனிமே காலையில வந்ததும். மடிக்கிறது மத்தியானம். சாப்பாட்டு நேரத்தை மூணாப் பிரிச்சாச்சு. பதினொண்ணு, ஒண்ணரை, நாலு. இருபது இருபது நிமிஷம்."

"அப்போ தூக்கம்?" இஸ்திரி அக்கா கேட்டாங்க.

"அது வீட்டுல."

எல்லாரும் கொதிச்சுப் போயிட்டோம். மேனேஜர்கூட ஒருநாள் ஹாலுக்கு நடுவுல நின்னு, "உங்க வயித்துக்கு ஒரு ஆபீஸ் ஆர்டராம்மா?"ன்னு நக்கலாக் கேட்டார். மேடம் சிரிச்சுக்கிட்டே, "என்ன சார் பண்றது, பாழாப்போன வயிறு"ன்னுட்டாங்க. ஆர்டரை மட்டும் மாத்தவே இல்லை.

அவங்களுக்குப் 'புளியேப்பம்'னு பட்டப்பேர் வச்சோம். வச்சோம் என்ன, வச்சது நான்தான்.

உண்மையைச் சொல்லிடறேன். எனக்குச் சர்க்கரை, ஏழு வருஷமா. கடைசி ரெண்டு வருஷமா அதோட நெஞ்சுக்கரிப்பும் சேர்ந்துக்கிச்சு.

"சர்க்கரை நாள்பட்டா சில பேருக்கு இரைப்பை சோம்பேறியாயிடும்மா. போட்டது அங்கேயே கிடக்கும், அப்புறம் மேல எதுக்களிக்கும். கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிடு. சாப்பிட்டதும் குனியாதே, படுக்காதே"ன்னு டாக்டர் சொல்லியிருந்தார்.

என் வேலையே குனியறதுதானே! சாப்பிடாமக் குனிஞ்சா சர்க்கரை இறங்கி கண்ணு இருட்டும். சாப்பிட்டுக் குனிஞ்சா தொண்டை வரைக்கும் நெருப்பு. வாயைத் திறந்து சொல்லவும் முடியாது. பட்டன் சரிபார்க்கிற ஒருத்தி தனக்குச் சர்க்கரைன்னு உளறிட்டா. "உடம்பைப் பார்த்துக்கோம்மா"ன்னு ஆபீஸ்ல ரொம்ப அன்பா வீட்டுக்கு அனுப்பி வச்சாங்க, அப்புறம் கூப்பிடவே இல்லை. எங்க வீட்டுல சம்பளம்னு வர்றது என்னுது ஒண்ணுதான்.

மேடம் புண்ணியத்துல என் நெஞ்செரிச்சல் பாதியாக் குறைஞ்சுது. ஆனா வாய் மட்டும் எல்லாரோடயும் சேர்ந்து அவங்களைக் கரிச்சுக் கொட்டுச்சு. சும்மா இருந்தா என் மேல சந்தேகம் வந்துடுமே!

ஒண்ணரை வருஷம் ஓடிடுச்சு. போன வெள்ளிக்கிழமை மேடத்துக்கு டிரான்ஸ்ஃபர்னாங்க. திங்கக்கிழமை வர்ற புது சார் பழையபடி மாத்திட்டார்னா நான் தொலைஞ்சேன்.

அன்னைக்கு மத்தியானமே ஹால்ல வழியனுப்பு விருந்து. மேடம் தட்டைப் பார்த்தேன். பொரிச்ச கோழி, அது மேல மிளகாய்ப் பொடி, பக்கத்துல ரெண்டு துண்டு கேக். ஒரு தடவை இல்லை, மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டாங்க. கை கழுவின கையோட கண்ணாடி ரூமுக்குப் போய், தரையில இருந்த பெட்டியில குனிஞ்சு குனிஞ்சு தன் சாமானை அடுக்க ஆரம்பிச்சாங்க. வாயில ஏதோ பாட்டு வேற.

நான் அவங்க ரூமுக்கு ஓடினேன்.

"மேடம், நெஞ்சு கரிக்குமே! தள்ளுங்க, நான் அடுக்கறேன்."

"நீ குனியாதே!" சட்டுன்னு என் கையைப் பிடிச்சு நிறுத்தினாங்க. "இப்பத்தானே சாப்பிட்டே?"

நான் குனியக் கூடாதுன்னு இவங்களுக்கு யார் சொன்னது?

"எனக்கு என்னம்மா, கல்லைத் தின்னாலும் செரிக்கும்." மேடம் குரலைத் தாழ்த்தினாங்க. "நான் வந்த முதல் வாரம், பெட்டி அடுக்குக்குப் பின்னாடி நெஞ்சை நீவிக்கிட்டு நின்னு மாத்திரை போட்டியே? என் வீட்டுக்காரருக்கும் அதே சர்க்கரை மாத்திரை, அதே கரிப்பு. பார்த்ததுமே புரிஞ்சுடுச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்..."

"சொன்னா நீ பயந்து வேலையை விட்டுட்டு ஓடியிருப்பே. மேல போய் உனக்காகன்னு கேட்டா உன்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. எனக்குன்னு கேட்டா என்ன பண்ணுவாங்க? திட்டுவாங்க. திட்டட்டுமே."

"அந்தப் பட்டப்பேர் வச்சது..."

"தெரியும். இங்க உட்கார்ந்தா எல்லாம் கேட்கும்." மேடம் சிரிச்சாங்க.

எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. பெத்த தாய்கூட எனக்காக இத்தனை பேச்சு வாங்கியிருக்க மாட்டா. அவங்க கையை விடவே மனசு வரலை.

"சீ, கண்ணைத் துடை. எல்லாரும் பார்க்கறாங்க."

"திங்கக்கிழமை புது சார் வந்துட்டா நான் என்ன மேடம் பண்ணுவேன்?"

"நேத்தே அவர்கிட்ட பேசிட்டேன். யாருக்காகன்னு நானும் சொல்லலை, அவரும் கேட்கலை."

பெட்டியை மூடி, டேப்பை இழுத்து ஒட்டிக்கிட்டே சொன்னாங்க:

"திங்கக்கிழமையிலேருந்து அவருக்கும் நெஞ்சுக்கரிப்பு."