கண்ணாடி நகரத்தில் ஓர் அவசரம்

“தம்பி, இங்க பாத்ரூம் எந்தப் பக்கம்?”

கண்ணாடிக் கோபுரத்தின் வாசலில் நின்ற காவலாளி, முதுகுப் பையோடு வந்து நின்ற பெரியவரை ஏற இறங்கப் பார்த்தான்.

“உள்ள இருக்கு சார். ஆனா மெம்பர்களுக்கு மட்டும்.”

“மெம்பர் ஆகணும்னா?”

“போன்ல ஆப் இறக்கணும். அதுக்கு இந்த ஊர் நம்பர் வேணும். நம்பர் வாங்க இந்த ஊர் விலாசம் வேணும்.”

“அப்ப ஒரு வீடு வாங்கிட்டு வந்துடட்டுமா?”

“வாங்குங்க சார். வாங்கிட்டா வீட்டுலயே பாத்ரூம் இருக்கும்,” என்றான் காவலாளி, சிரிக்காமல்.

பெரியவருக்கு அறுபத்தைந்து வயது. ஓய்வு பெற்ற கையோடு, இளவட்டங்களைப் போல ஒரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு நாடு சுற்றக் கிளம்பியவர். அவருடைய பட்டியலில் முதல் ஊர் இதுதான். படங்களில் பார்த்துப் பார்த்து மனப்பாடமான ஊர். ஆனால் நேரில் கால் வைத்தது இன்று காலைதான்.

பத்து மணி வரை எல்லாம் தேனாக இனித்தது. ஏரியைச் சுற்றி வளைந்து போகும் நடைபாதை, அளவெடுத்து வெட்டிய மரங்கள், யாரும் உட்கார்ந்து அழுக்காக்கிவிடாதபடி சரிவாகச் செய்த பெஞ்சுகள். குப்பைத்தொட்டிகூட மூடி திறந்து ‘நன்றி’ சொன்னது. குறிப்பேட்டை எடுத்து ‘சொர்க்கம்’ என்று எழுதினார். எழுதிய மகிழ்ச்சியில் இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்தார்.

சொர்க்கத்தில் ஒரு வசதி மட்டும் இல்லை என்பது பதினொன்றரை மணிக்குத்தான் தெரிந்தது.

காவலாளியை விட்டுக் காபிக் கடைக்கு ஓடினார். அங்கே கழிப்பறைக் கதவைத் திறக்க எண் வேண்டும். எண் ரசீதில் வரும். ரசீது வர காபி வாங்க வேண்டும். இருக்கிற நிலைமையில் இன்னொரு கோப்பையா என்று பயந்துகொண்டே வாங்கினார். எண் கிடைத்தது. கதவில் ‘பராமரிப்புப் பணி நடைபெறுகிறது’ என்ற அட்டையும் தொங்கியது. உள்ளே எந்தப் பணியும் நடப்பதாகத் தெரியவில்லை.

தகவல் மையத்தில் ஆளுக்குப் பதிலாக ஒரு திரை இருந்தது. தொட்டதும், “எங்கள் நகரத்தில் உங்கள் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம்?” என்று குழைந்தது. கழிப்பறை எங்கே என்று தட்டினார். இரண்டரை கிலோமீட்டர், இனிமையான நடை என்று பதில் வந்தது. இனிமையாக நடக்கும் நிலையில் அவர் இல்லை.

ஒரு மரத்தடியில் ஒதுங்கிவிடலாமா என்று பார்த்தார். மரத்துக்கு ஒரு கேமரா இருந்தது. மரத்தைவிடக் கேமராவுக்கு நல்ல வளர்ச்சி.

ஏரிக்கரையில் அவர் நடந்த நடையைப் பார்த்ததும், பெருக்கிக்கொண்டிருந்த துப்புரவுப் பெண் துடைப்பத்தைச் சாய்த்து வைத்தாள்.

“என்ன சார், அவசரமா?”

“இதுக்கு மேல ஒரு நிமிஷம் தாங்காதும்மா. நீங்கல்லாம் எங்கதான் போவீங்க?”

“பம்பு ரூமுக்குப் பின்னாடி ஒண்ணே ஒண்ணு இருக்கு. அதையும் சண்டை போட்டுத்தான் வாங்கினோம்.” கழுத்துக் கயிற்றில் தொங்கிய சாவியைத் தூக்கிக் காட்டினாள்.

பெரியவருக்குக் கடவுளையே கண்ட மாதிரி இருந்தது. “உனக்குப் புண்ணியமாப் போகும், குடும்மா.”

“தர்றேன். அதுக்கு முன்னாடி இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க.” தோள்பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தாள். “ஏரிக்கரை முழுக்கக் கக்கூஸ் கட்டித் தரணும்னு எங்க சங்கத்து மனு. காலையில வந்தா சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்காம வேலை பார்க்கறோம் சார். எங்ககூட இருந்த மூணு பொம்பளைங்களுக்குக் கிட்னி போயிடுச்சு.”

பெரியவருக்கு உண்மையிலேயே மனது கஷ்டமாக இருந்தது. அடிவயிறு அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

“இவ்வளவு பெரிய ஊரைக் கட்டினவங்களுக்கு இது தோணவே இல்லையா?”

“தோணாம என்ன? முதல் பிளான்ல நாப்பத்து மூணு இருந்துச்சாம். யாரோ ஒரு மகராசன் மொத்தத்தையும் அடிச்சுட்டாரு. கோர்ட்டு வரைக்கும் போய் அந்தத் தாளோட நகலை வாங்கி இதுலயே சேர்த்து வச்சிருக்கோம்.”

“எந்த முட்டாள் பய அவன்? அவனை இங்க கொண்டுவந்து, வயிறு முட்டத் தண்ணி குடிக்க வச்சு, வெயில்ல நிறுத்தணும்.”

“உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும் சார்,” என்று பேனாவை நீட்டினாள்.

ஒரு காலை இன்னொரு காலோடு பின்னிக்கொண்டு நின்றவருக்கு மனுவைப் படிக்க எங்கே நேரம்? முப்பத்தைந்து வருட உத்தியோகப் பழக்கத்தில், மேலே இரண்டு புள்ளி வைத்து, வாலை நீளமாக இழுத்து, கம்பீரமாக ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சாவிக்குக் கையை நீட்டினார்.

கயிற்றைப் பாதி கழற்றியவள், கையெழுத்தைப் பார்த்ததும் நின்றாள். கட்டின் கடைசித் தாளைப் புரட்டினாள். ஏரிக்கரையின் வரைபடம் அது. நாற்பத்து மூன்று சின்னக் கட்டங்களுக்குக் குறுக்கே ஒரே கோடு. பக்கத்தில், ‘ஏரியின் அழகைக் கெடுக்கிறது, நீக்கவும் — தலைமை வடிவமைப்பாளர்’ என்ற குறிப்பு. அதற்குக் கீழே அதே இரண்டு புள்ளி, அதே நீளமான வால்.

சாவியை நிதானமாகக் கழுத்தில் திரும்ப மாட்டிக்கொண்டு, “ஏரி இப்ப அழகா இருக்கா சார்?” என்று கேட்டாள் அவள்.