அடியில் தங்கியது

காரின் பானட்டைத் திறந்த கையோடு சாமுவேல் ஆயில் கேனை வாங்கி வைத்துக்கொண்டது ராமுலுவுக்குப் பிடிக்கவில்லை.

கேன் அவர் கொண்டுவந்தது. சீல் உடையாதது. ஒர்க்‌ஷாப்புக்குள் போன கேன் வேறு கேனாக மாறிய கதைகள் அவர் நிறையக் கேட்டிருந்தார். அதனால் நாற்காலி போட்டுக் கொடுத்தும் உட்காராமல் கூடவே நின்றார்.

கிணத்துக்கடவில், பொள்ளாச்சி ரோட்டை ஒட்டிய தென்னந்தோப்பின் ஓரத்தில் இருந்தது அந்த ஒர்க்‌ஷாப். காந்திபுரத்திலிருந்து இத்தனை தூரம் அவர் வந்ததே, இங்கே யாருக்கும் தன்னைத் தெரியாது என்பதால்தான். தெரிந்த மெக்கானிக் என்றால் முகத்துக்காகப் பேசுவான்.

சாமுவேலுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேசவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

என்ஜினுக்கு அடியில் தட்டை வைத்து, பழைய ஆயிலை வடியவிட்டான். புதுக் கேனை மேஜைமேல் வைத்தவன் அதைத் தொடவே இல்லை.

"ஊத்தறதுக்கு முன்னால நல்லாக் குலுக்கோணும் தம்பி," என்றார் ராமுலு.

மாப்பிள்ளை ரவிதேஜா அப்படித்தான் சொல்லியிருந்தார். இது புது மாதிரி ஆயிலாம். அதில் கலந்த சரக்கெல்லாம் அடியில் இறங்கிவிடுமாம். குலுக்கினால்தான் ஒன்று சேருமாம்.

சாமுவேல் தலையாட்டினான். ஆனால் குலுக்கவில்லை.

தானே குலுக்கிவிடலாம் என்று ராமுலு கை நீட்டினார். கொஞ்ச நேரம் அசையாமல் இருக்கட்டும் என்று அவன் மரியாதையாகத் தடுத்துவிட்டான்.

ஏன் தடுக்கிறான்?

சுவரோரத்து அலமாரியில் கேன்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தான். அதில் ஒன்றைத் தலையில் கட்டப் பார்க்கிறான், அதற்குத்தான் இந்த ஆட்டம். ராமுலு அலமாரியைப் பார்த்தார். அவன் கைகளைப் பார்த்தார். போன் வந்து அவன் நாலு எட்டு தள்ளிப் போனபோது காதைக் கொடுத்துக் கேட்டார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து யார் கூட்டி வருவது என்று மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தான்.

ராமுலுவுக்கு ஏமாற்றமாக இருந்தது.

பழைய ஆயில் சொட்டுச் சொட்டாகி நின்றது.

சாமுவேல் அவர் கண்முன்னாலேயே சீலை உடைத்தான். என்ஜினில் ஊற்றாமல், துடைத்து வைத்த ஒரு ஜக்கில் மெல்லச் சாய்த்தான். தேன் நிறத்தில் இறங்கியது. ராமுலுவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கடைசியில் மிஞ்சியதை, மேல்பாதி அறுத்த தண்ணீர் பாட்டிலில் விட்டான்.

கறுப்பாக, கூழ் மாதிரி, ஒரு விரற்கடை உயரத்துக்கு விழுந்தது.

சாமுவேல் பாட்டிலை வெயிலுக்கு நேராகப் பிடித்தான்.

"நல்ல ஆயில்ல அடியில தங்கறதுக்கு ஒண்ணும் இருக்காதுங்கய்யா. குலுக்கியிருந்தா இது நம்ம கண்ணுக்கே தெரிஞ்சிருக்காதுங்க."

பழைய ஆயிலை வடிகட்டிப் புதுக் கேனில் அடைத்த சரக்கு என்றான். இந்த மாதத்தில் இது மூன்றாவதாம். போன வாரம் ஒரு வேன்காரருக்கு என்ஜினே இறுகி நின்றுவிட்டதாம். எங்கே வாங்கினது என்று கேட்டான்.

ராமுலு பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்ததிலிருந்து, இவன் திருடனாக இருந்துவிட வேண்டும் என்றுதான் அவர் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தார்.

"காந்திபுரம், சைதன்யா ஆயில் ஸ்டோர்ஸ்."

கடைக்காரர் பெயர் தெரியுமா என்றான்.

"ராமுலு," என்றார்.

சாமுவேல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். சுற்றுவட்டார டிரைவர்கள் எல்லோரும் இருக்கும் குரூப் அது. கடைப் பெயரையும் கடைக்காரர் பெயரையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லி, அங்கே யாரும் ஆயில் வாங்க வேண்டாம் என்று பேசி அனுப்பினான்.

சைதன்யா ராமுலுவின் ஒரே மகள். அவள் பிறந்த வருடம் திறந்த கடை. சரக்கு எடுக்கும் பொறுப்பைப் போன தையில்தான் அவள் புருஷன் கையில் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து, வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, குலுக்கி ஊற்றச் சொல்லி அனுப்பியது அவர் வாய்தான். ஏதோ சரியில்லை என்று ஒரு மாதமாக உறுத்திக்கொண்டே இருந்தது. மகள் முகத்தைப் பார்த்ததும், மாப்பிள்ளையிடம் கேட்க வந்ததைக் கேட்காமலே விட்டுவிடுவார்.

சாமுவேல் அலமாரியிலிருந்து வேறு கேனை இறக்கினான். இந்த முறை ராமுலு அவன் கைகளைப் பார்க்கவில்லை.

வேலை முடிந்ததும் சர்வீஸ் கார்டை எடுத்துவைத்து, வண்டி நம்பரை எழுதிக்கொண்டே, அவர் பெயரைக் கேட்டான்.

எந்தப் பெயரையும் சொல்லியிருக்கலாம்.

"ராமுலு," என்றார்.

எழுதப் போனவன் நிமிர்ந்தான். அவரையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அவசரமாகப் போனை எடுத்தான்.

"ஐயா, இன்னும் ரெண்டு பேருதான் கேட்டிருக்காங்க. அழிச்சுப்போடட்டுங்களா?"

ராமுலு முதன்முறையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இருக்கட்டும் கண்ணு. எல்லாரும் கேக்கட்டும்."